கீபோர்டு திக்குது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு மக்களே. தண்ணி கிடையாது, தம் கிடையாது. கீபோர்டு.

பொட்டி தட்டிப் பொழப்பு ஓட்டுறவன், தட்டுற பொட்டி கொஞ்சம் நல்லா இருக்கணும்னு ஆசைப்படுறது தப்பான்னு கேட்டுத்தான் ஆரம்பிச்சேன். இப்போ ரூம்ல 5 கீபோர்டு, ரெண்டு டப்பா சுவிட்ச், ஒரு பாக்கெட் ஸ்பிரிங், ஒரு குட்டி கிரீஸ் டப்பா, அதைத் தடவ சின்னப் பசங்க டிராயிங் பிரஷ் ஒண்ணு. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து 87 சுவிட்ச்சைப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கிரீஸ் தடவி மறுபடி மூடிக்கிட்டு இருந்தேன். ரூம்மேட் கதவோரமா நின்னு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "ஏன்டா, உங்க வீட்டுல இன்னும் பொண்ணு பார்க்க ஆரம்பிக்கலயா?"ன்னு கேட்டான். ஹி ஹி.

இந்தக் கதை அந்தப் பழக்கத்தைப் பத்தினது. பாதிதான். மீதிப் பாதி எங்க அப்பாவைப் பத்தினது.

மெக்கானிக்கல் கீபோர்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு நிமிஷப் பாடம். ஆபீஸ்ல கம்ப்யூட்டரோட சும்மா குடுக்குற கீபோர்டுக்குள்ள ஒரு ரப்பர் ஷீட் இருக்கும். அதுல கீக்கு ஒண்ணா சின்னச் சின்னக் குமிழ். அமுக்கினா குமிழ் அமுங்கி, கீழ இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்ல ரெண்டு கோடு ஒட்டும். அவ்வளவுதான். மெக்கானிக்கல்ல அப்படி இல்ல. ஒவ்வொரு கீக்கும் தனித்தனியா ஒரு சுவிட்ச். அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங், மேலயும் கீழயும் போய் வர்ற ஒரு தண்டு, பக்கத்துல ஒரு மெல்லிசான செம்புத் தகடு. தண்டு கீழ போகும்போது தகடு போய் இன்னொரு தகட்டைத் தொடும். தொட்டா எழுத்து.

செர்ரிங்கிற ஜெர்மன் கம்பெனி 1980கள்ல கொண்டுவந்த டிசைன்தான் இன்னைக்கும் பாதி உலகத்துக்கு மாதிரி. 2014 வாக்குல அதோட பேடன்ட் காலாவதி ஆச்சு. அப்புறம் சீனாவுல ஆளாளுக்குப் போட ஆரம்பிச்சாங்க, விலை இறங்கிச்சு, என்னை மாதிரி ஆளுங்க கெட்டுப்போனோம். கலரை வெச்சுத்தான் ரகம் பிரிப்பாங்க. சிவப்பு வழுக்கிக்கிட்டுப் போகும், சத்தம் கிடையாது, 45 கிராம் அழுத்தம் போதும். பிரவுன் நடுவுல ஒரு சின்ன முட்டு குடுக்கும். நீலம் 'டிக் டிக்'னு பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும். சிவப்பு சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழ போகும், ஆனா 2 மில்லிமீட்டர்லயே எழுத்து விழுந்துடும். இந்த 45, இந்த 2, ரெண்டையும் ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வேணும்.

பாடம் முடிஞ்சுது. இப்போ கொசுவத்தி.

எங்க ஊர் மாயவரம். அப்பா 1989லேர்ந்து 2011 வரைக்கும் அங்க ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வெச்சிருந்தாரு. ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ்னு 12 மெஷின். காலையில 6 மணி பேட்ச்சுக்கே சைக்கிள் நிக்க இடம் இருக்காது. இங்கிலீஷ் லோயர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையர்னா 45. அப்பாவுக்கு அதெல்லாம் தூக்கத்துல வரும். என்னை 5வது படிக்கும்போதே ஸ்டூல்ல ரெண்டு நோட்டு போட்டு உக்கார வெச்சாரு. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஒரு பக்கம் முழுக்க அதே. கையப் பார்த்து அடிச்சா ஸ்கேலால முட்டியில ஒண்ணு விழும். "விரல் ஊர் சுத்தலாம், ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்துடணும்"பாரு. எந்த எழுத்தை அடிச்சாலும் விரல் திரும்பி நடு வரிசையில வந்து உக்காரணும்னு அர்த்தம். எனக்கு இன்னைக்கும் விரல் அப்படித்தான் வந்து உக்காரும். அப்பாவுக்குக் கேக்கவே வேண்டாம்.

கட்டடத்துக்காரரு இடத்தை வித்தாரு, பசங்களும் கொறைஞ்சுட்டாங்க, 2011ல மூடினாரு. 11 மெஷினக் குடுத்துட்டு ஒரே ஒரு ரெமிங்டன மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாரு. அப்புறம் தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜாப் டைப்பிங். இப்போ வீட்டுலயே கம்ப்யூட்டர்ல தெருக்காரங்களுக்கு மனு அடிச்சுக் குடுக்குறாரு. முதியோர் பென்ஷன் வரல, பட்டா மாறல, கரண்டு கம்பம் சாஞ்சு நிக்குதுன்னு யார் வந்தாலும், "உக்காருங்க, விஷயத்தச் சொல்லுங்க"ன்னு ஆரம்பிப்பாரு. காசு குடுத்தா வாங்கிப்பாரு, குடுக்கலன்னா கேக்க மாட்டாரு. அம்மாவுக்கு இதுல ஏகப்பட்ட வருத்தம்.

தமிழ்ல பழைய டைப்ரைட்டர் முறையிலதான் அடிப்பாரு. தமிழ்99 நல்லதுன்னு ஒரு தடவ சொல்லிப் பார்த்தேன். "நீ 10 விரல்ல அடிக்க ஆரம்பிச்சப்ப நான் அதுல 15 வருஷம் சர்வீஸ்"னு சொல்லிட்டாரு. நமக்கு எதுக்கு வம்பு.

2023ல திருக்கடையூர்ல அவருக்கு அறுபதாங் கல்யாணம். எல்லாரும் வேட்டி, வெள்ளிக் குத்துவிளக்குன்னு குடுத்தப்ப நான் ஒரு கீபோர்டு குடுத்தேன். ஆசை ஆசையா நானே சேர்த்தது. சால்டரிங் இல்லாம சுவிட்ச்ச கையாலயே புடுங்கி மாட்டுற மாதிரியான போர்டு. உள்ள சத்தம் வராம இருக்க ஃபோம், ஸ்பேஸ்பார் கடகடன்னு ஆடாம இருக்க ஸ்டெபிலைசர்ல கிரீஸ், சுவிட்ச் எல்லாம் சிவப்பு. வயசானவரு, மெதுவாத் தொட்டாப் போதும்ங்கிற நல்லெண்ணம். அப்பா ரெண்டு வரி அடிச்சுப் பார்த்துட்டு, "வெண்ணெய்ல விரல வெச்ச மாதிரி இருக்குடா"ன்னாரு. அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

2024 ஆகஸ்ட்ல ஒரு நாள் போன். "தம்பி, உன் கீபோர்டு திக்குதுடா."

"திக்குதுன்னா?"

"மனு அடிச்சா ம ரெண்டு தடவ விழுது. மாவட்டம்னு அடிச்சா ட மூணு விழுது. மதிப்பிற்குரியன்னு ஆரம்பிச்சா கலெக்டர் சிரிப்பாரு."

எனக்கு ஒரே குஷி. தப்பா நினைக்காதீங்க. கீபோர்டுல கோளாறுன்னா அதைக் கண்டுபிடிக்கிறதுல எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். அதுவும் இது எங்க துறையில ரொம்பப் பிரபலமான வியாதி. ரெண்டு தகடு தொடும்போது ஒரே தடவையா போய் ஒட்டாது. தரையில போட்ட கோலிக்குண்டு மாதிரி ரெண்டு மூணு தடவ துள்ளிட்டுத்தான் அடங்கும். எல்லாம் சில மில்லி செகண்டுக்குள்ள முடிஞ்சுடும். அந்தத் துள்ளலைக் கண்டுக்காம விட கீபோர்டுக்குள்ள இருக்கிற மென்பொருள் கொஞ்சம் நேரம் பொறுத்துக்கும். என் போர்டுல ஓடுற க்யூ.எம்.கே.ல அது வழக்கமா 5 மில்லி செகண்டு. தகட்டுல தூசி, அழுக்கு, ஈரம் ஏறிட்டா துள்ளல் அதிகமாகி அந்த 5ஐத் தாண்டிடும். தாண்டினா ஒரு தடவ அமுக்கினதை ரெண்டுன்னு எண்ணும்.

மாயவரத்துல ஈரத்துக்கா பஞ்சம்? காவேரிக்கரை காத்து, தூசி, அம்மா போடுற சாம்பிராணி. போன்லயே வைத்தியம் ஆரம்பிச்சேன். கீ மூடியக் கழட்டி ஊதச் சொன்னேன். சுவிட்ச்ச எடுத்துத் திரும்ப மாட்டச் சொன்னேன். வீடியோ கால்ல அம்மா டார்ச் அடிக்க, அப்பா இடுக்கியோட நிக்க, ஏதோ ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் சரியா இருக்குன்னாரு. மூணாவது நாள் மறுபடி திக்குச்சு. 10 புது சுவிட்ச் கூரியர்ல அனுப்பினேன். அதுவும் திக்குச்சு.

"ஏன்டா, பேசாம பழைய கீபோர்டையே மாட்டிக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. 400 ரூபா ரப்பர் கீபோர்டு. எனக்கு மானப் பிரச்சினையாப் போச்சு. "இருங்கப்பா, ஆயுத பூஜைக்கு வர்றேன்ல, பார்த்துடலாம்"னேன்.

அக்டோபர்ல ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்துச்சு. ஊருக்குப் போனப்ப ரெமிங்டனுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, பக்கத்துலயே என் கீபோர்டுக்கும் ஸ்பேஸ்பார்ல ஒரு பொட்டு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் விஜயதசமி. "நல்ல நாள்டா, இன்னைக்குத் தொட்டா வெளங்கும்"னு அம்மா சொன்னாங்க. காபி குடிச்சுட்டு டூல்ஸை எடுத்துப் பரப்பினேன்.

கோளாறு பார்க்கிறதுல ஒரே ஒரு விதிதான். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்து, கோளாறு நகருதான்னு பாரு. திக்குற மூணு சுவிட்ச்சையும், இங்கிலீஷ் கணக்குல ஜே, கே, எல், அப்பா கணக்குல த, ம, ட, புடுங்கி இடது பக்கம் ஏ, எஸ், டியில மாட்டினேன். அங்க இருந்ததை இங்க மாட்டினேன். கோளாறு சுவிட்ச்சுல இருந்தா இடது பக்கம் திக்கணும்.

அப்பாவை அடிக்கச் சொன்னேன். வலது பக்கமே திக்குச்சு.

அப்போ சுவிட்ச் இல்ல, போர்டு. மாட்டுற சாக்கெட்டுல சால்டரிங் விட்டிருக்கும்னு திருப்பிப் போட்டு, மல்டிமீட்டர் வெச்சு ஒவ்வொரு காலா பார்த்தேன். கம்முனு நல்லா இருந்துச்சு. நான் உக்காந்து அரை மணி நேரம் பக்கம் பக்கமா அடிச்சேன். ஒரு எழுத்துகூட திக்கல. "எங்கிட்ட நல்ல பிள்ளையா இருக்கேப்பா"ன்னேன். எங்க ஆபீஸ்ல டெஸ்டிங் பொண்ணுகிட்ட தினம் நாங்க சொல்ற டயலாக்தான், 'என் மெஷின்ல நல்லா ஓடுதே.'

அப்பா உக்காந்தாரு. மமனு. மாவட்டடம்.

கேபிளை மாத்தினேன். யு.எஸ்.பி. துளையை மாத்தினேன். தமிழ் எழுதுற சாஃப்ட்வேரா இருக்குமோன்னு இங்கிலீஷ்ல அடிக்கச் சொன்னேன். அதுலயும் கே, எல் ரெண்டு ரெண்டா விழுந்துச்சு. கடைசியா, பையில இருந்த என் சொந்தக் கீபோர்டை எடுத்து மாட்டினேன். அதுவும் சிவப்பு சுவிட்ச்தான், சென்னையில அன்னாடம் நான் அடிக்கிறது. அதுவும் அதே இடத்துல திக்குச்சு. ரெண்டு கீபோர்டு, ஒரே எழுத்து, ஒரே கோளாறு.

இப்போ இதைப் படிக்கிற உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல. சத்தியமாப் புரியல. எல்லாத்தையும் மாத்தினேன், ஒண்ணத் தவிர.

சரி, டேட்டா பார்ப்போம்னு பைத்தான்ல 20 வரியில ஒண்ணு எழுதினேன். ஒவ்வொரு கீயும் எப்போ அமுங்குது, எப்போ விடுபடுதுன்னு மில்லி செகண்டு கணக்குல குறிச்சு வைக்கும். அப்பா ஒரு மனு முழுசா அடிச்சாரு. தகடு துள்ளுற கோளாறுன்னா ரெண்டு அமுக்கலுக்கு நடுவுல 10, 20 மில்லி செகண்டுதான் இருக்கும். மனுசனால அவ்வளவு வேகமா அமுக்கவே முடியாது.

லாக்ல இருந்தது 190. 210. 200. 195. 205.

இது எந்தச் சுவிட்ச்சும் துள்ளுற வேகம் இல்ல. ஆனா ஒரே சீரா இருந்துச்சு. நொடிக்கு அஞ்சு தடவ. அதுல இன்னொண்ணு, பல தடவ இடது கை மும்முரமா அடிக்கிற நேரத்துலதான் வலது பக்க எழுத்து கூப்பிடாமலே வந்திருந்துச்சு.

ஸ்கிரீன்லேர்ந்து தலையத் தூக்கி அப்பா கையப் பார்த்தேன். அடிச்சு முடிச்சு, பழக்கப்படி விரலெல்லாம் நடு வரிசையில வந்து உக்காந்திருந்துச்சு. இடது கை சும்மா இருந்துச்சு. வலது கை சும்மா இல்ல. சுண்டு விரல் பக்கத்துலேர்ந்து மூணு விரல், லேசா, தாளம் போடுற மாதிரி.

45 கிராம். 2 மில்லிமீட்டர். அதுக்கு அது போதும்.

நான் பார்க்கிறத அவரு பார்த்துட்டாரு. கைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு.

"எத்தனை நாளாப்பா?"

"ஒரு வருஷம் இருக்கும். வயசாகுதுல்ல."

"ஏன்ப்பா சொல்லல?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கீபோர்டுதான் கோளாறுன்னு நெனச்சேன்டா. ரெமிங்டன்ல அடிச்சா திக்கல"ன்னாரு. அது உண்மைதான். அந்த மெஷின்ல ஒரு எழுத்து விழணும்னா விரல் குத்தணும். பழைய ரப்பர் கீபோர்டும் ஓரளவு கனம்தான். அதனால ரெண்டுலயும் கோளாறு வெளிய தெரியல. நான் ஆசையா வெண்ணெய் மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தேன், அது காட்டிக் குடுத்துடுச்சு. ஆனா அவரு சொன்னது முழு உண்மையான்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகம்தான். ஊரே டைப் மாஸ்டர்னு கூப்பிடுற ஆளு, கை ஆடுதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்லுவாரு?

அம்மாகிட்ட சமையல்கட்டுல கேட்டேன். "இப்பெல்லாம் டபரா செட்டை இடது கையிலதான்டா வாங்குறாரு. கேட்டா, சும்மா பழகிப் பார்க்கிறேன்னாரு"ன்னாங்க. அம்மா பீரோவுலேர்ந்து பேங்க் பாஸ்புக், பழைய செக் புக் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தாங்க. கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் சின்னதாயிட்டே வந்திருந்துச்சு. அதையும் நாங்க யாரும் பார்க்கல.

அடுத்த வாரம் தஞ்சாவூர்ல ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேக வேகமாத் தட்டச் சொன்னாரு. நடக்கச் சொன்னாரு. அப்பா நடந்தப்ப வலது கை மட்டும் வீசாம உடம்போட ஒட்டியே போச்சு. கையெழுத்துப் போடச் சொன்னாரு. மணிக்கட்டைப் பிடிச்சு மடக்கிப் பார்த்தாரு. நான் கீபோர்டு கதையச் சொல்லி, லாக்கை பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்ததைக் காட்டினேன். சிரிக்காம வாங்கிப் பார்த்தாரு. பார்க்கின்சன்ஸ், ஆரம்பக் கட்டம்னு சொன்னாரு.

அவரு சொன்னதும் அப்புறம் நான் படிச்சதும் சேர்த்துச் சொல்றேன், யாருக்காவது உதவும். 1817ல லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை எழுதி வெச்சதால அவரு பேரு. மூளையில டோபமின்ங்கிற ரசாயனத்தைச் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா கொறையுது. அசைவு மெதுவாகும், உடம்பு விறைக்கும், கை சும்மா இருக்கும்போது நடுங்கும். அந்த நடுக்கம் பெரும்பாலும் நொடிக்கு 4லேர்ந்து 6 தடவ, அதுவும் வழக்கமா ஒரு பக்கத்துலதான் ஆரம்பிக்கும். வேலை செய்யும்போது நடுக்கம் கொறையும். இதுக்கு நேர்மாறா, டம்ளரைத் தூக்கும்போது மட்டும் நடுங்குற வேற வகையும் இருக்கு. தைராய்டாலயும் நடுங்கலாம், சில மாத்திரையாலயும் நடுங்கலாம். அதனால கை நடுங்கினா உடனே இதுதான்னு முடிவு கட்டாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. இதை முழுசாக் குணமாக்க மருந்து இல்ல. ஆனா அறிகுறிகளைக் கட்டுக்குள்ள வைக்க நல்ல மருந்து இருக்கு.

இதுல ஒண்ணு படிச்சப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. 2016லயே எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்காங்க. டைப் அடிக்கும்போது ஒவ்வொரு கீயையும் எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடிச்சிருக்கோம்ங்கிறதை மட்டும் வெச்சு, ஆரம்பக் கட்ட பார்க்கின்சன்ஸோட அடையாளத்தைக் கண்டுபிடிக்க முடியுமான்னு பார்த்திருக்காங்க. நான் என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி திண்ணையில உக்காந்து எழுதின 20 வரி!

சரி, கீபோர்டுக்கு வருவோம். கோளாறு எங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இனி என்ன செய்றது? ரப்பர் கீபோர்டையே திரும்ப மாட்டியிருக்கலாம். மனசு வரல.

முதல்ல சாஃப்ட்வேர் வழி. விண்டோஸ்ல ஃபில்டர் கீஸ்னு ஒரு வசதி 95ம் வருஷத்து விண்டோஸ்லேர்ந்தே இருக்கு. கை நடுங்குறவங்களுக்குன்னே வெச்சது. ஒரே கீ சீக்கிரமா ரெண்டாவது தடவ அமுங்கினா கண்டுக்காது. போட்டு விட்டேன். தமிழ் மனு ஓரளவு தேவலாம். இங்கிலீஷ் மனு வந்துச்சு. கலெக்டர்னு இங்கிலீஷ்ல அடிக்க ரெண்டு எல் வேணும். ஒண்ண முழுங்கிடுச்சு. "கலெக்டருக்கே ஒரு எழுத்தக் கொறச்சுட்டியேடா!"ன்னாரு.

நேரத்தைக் கொறச்சு என் போர்டுக்குள்ளயே அதே மாதிரி எழுதிப் பார்த்தேன். அங்கதான் சிக்கல். அப்பா நிஜமா ரெண்டு எல் அடிக்கும்போது நடுவுல ஆகுற நேரமும் கிட்டத்தட்ட 180, 200தான். நடுக்கமும் 200. நேரத்தை வெச்சு எது அவரு அடிச்சது, எது நடுக்கம் அடிச்சதுன்னு பிரிக்கவே முடியாது. ஆனா அழுத்தத்தை வெச்சுப் பிரிக்கலாம். அவரு அடிச்சா தரை வரைக்கும் போற அடி. நடுக்கம் மேலாக்கத் தொடுற அடி.

அதனால ஸ்பிரிங். முதல் முயற்சியில எல்லா சுவிட்ச்சுக்கும் 80 கிராம் ஸ்பிரிங் மாத்தினேன். திக்கல் சுத்தமா நின்னுச்சு. ஆனா ஒரு பக்கம் முடிக்கிறதுக்குள்ள விரல் வலிக்குதுன்னாரு. எனக்கே தோணியிருக்கணும். விறைப்பும் சேர்ந்த கை, எத்தனை நேரம் குத்தும்?

ரெண்டாவது முயற்சி. வலது கை ஊர் சுத்திட்டு வந்து உக்கார்ற நாலு கீ, ஜே, கே, எல், செமிகோலன். அதுல மட்டும் 80. மத்ததுல எல்லாம் பிரவுன் ரகம், நடுவுல சின்ன முட்டு இருக்கிறது. அந்த முட்டு வந்தா எழுத்து விழுந்துச்சுன்னு விரலுக்கே தெரியும், தரை வரைக்கும் குத்த வேண்டாம். சுவிட்ச்சை ஓப்பனரால திறந்து, தண்டைத் தூக்கி, இடுக்கியால ஸ்பிரிங்கை மாத்தி மூடணும். நாலே நாலு ஸ்பிரிங். 10 நிமிஷ வேலை. இத்தனை வருஷத்துல நான் கீபோர்டுல செஞ்ச வேலையிலயே சின்னது அதுதான்.

திக்கல் முழுசா நின்னுச்சான்னா, இல்ல. பக்கத்துக்கு ரெண்டு மூணு விழும். மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு சில வாரத்துல அதுவும் கொறைஞ்சுச்சு. மாத்திரை வேகம் எறங்குற நேரத்துல மறுபடி ரெண்டு கூட விழும். அந்த நேரத்துல மனு அடிக்கிறதில்ல, டீ குடிக்கப் போயிடுவாரு.

ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த 20 வரி.

ஊருக்குக் கிளம்புறப்ப அதை அவரு கம்ப்யூட்டர்ல அப்படியே ஓட விட்டுட்டு வந்திருந்தேன். தினம் ராத்திரி லாக் எனக்கு மெயில்ல வந்துடும். சென்னையில உக்காந்து கிராஃப் போட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் கோடு ஏறினா எனக்கு அன்னைக்கு வேலையே ஓடாது. உடனே போன் பண்ணி, "மாத்திரை போட்டீங்களாப்பா? தூங்கினீங்களா?"ன்னு கேப்பேன். நல்ல பிள்ளைன்னு எனக்கே ஒரு நெனப்பு.

2025 பொங்கலுக்குப் போனப்ப அப்பா பக்கத்துல உக்கார வெச்சாரு. "தம்பி, அந்தக் கணக்கு எடுக்குறத நிறுத்திடுடா."

"ஏன்ப்பா, டாக்டருக்கே உதவும்ல?"

"டாக்டர் கேட்டா நான் சொல்றேன். எவ்வளவு ஆடுதுன்னு எனக்குத் தெரியாதா? நான் டைப் அடிக்கிறப்ப பின்னாடி யாரோ ஸ்கேலோட நிக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு பதில் வரல. ஸ்டூல்ல ரெண்டு நோட்டு போட்டு உக்காந்திருந்த பையன் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கே அழிச்சுட்டேன். இப்போ டாக்டர்கிட்ட போறப்ப மட்டும் அவரே ஒரு தாள்ல ஏ எஸ் டி எஃப் ஒரு பக்கம் அடிச்சு, தேதி போட்டுக் கொண்டுபோறாரு. அது போதும்.

போன வாரம் பேசினப்ப தெரு விளக்கு எரியலன்னு ஒரு மனு அடிச்சுக்கிட்டு இருந்தாரு. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு அடிச்சாரு. பிரவுன் சுவிட்ச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். நடுவுல நாலு கீ மட்டும் கொஞ்சம் கனமா 'தொப்'னு விழுது. கேட்டுக்கிட்டே இருந்தேன்.

வீட்டுல பெரியவங்க, "நீ வாங்கிக் குடுத்தது சரியில்லடா"ன்னு போன்லயோ மிக்சியிலயோ குறை சொன்னா, அந்தப் பொருளைப் பாருங்க, வேணாங்கல. அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப பக்கத்துல உக்காந்து அவங்க அதை எப்படிப் பிடிக்கிறாங்கன்னும் ஒரு தடவ பார்த்துடுங்க. எனக்கு அதுக்கு ரெண்டு மாசமும் 10 சுவிட்ச்சும் ஆச்சு.